இயந்திரம் படிக்காத வரிகள்

சூடாமணி என்ன வேலை பார்க்கிறாள் என்று மயிலாப்பூரில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒருத்தரும் மெனக்கெடவில்லை என்று சொல்வதுதான் நியாயம். "அடையாறில் சர்க்கார் ஆராய்ச்சி ஆபீஸ், கம்ப்யூட்டர் வேலை" என்று அவள் சொன்ன மாத்திரத்தில் எதிராளி "ஓஹோ, ரொம்ப நல்லது" என்று அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவார். கோபாலபுரத்தில் இருக்கும் தம்பி வெங்கடரமணன் வீட்டுக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போவாள். அங்கே தம்பி மனைவி ஒரு தடவை கேட்டாள்.

"ஏன்க்கா, உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஜாதகம் கணிக்க முடியுமோ?"

"முடியாது."

"பின்ன என்னதான் பண்றேள் அதுல, நாள் பூரா?"

சூடாமணிக்குக் கேள்வி பிடித்துவிட்டது. ஒரு ஆளாவது கேட்டாளே என்று இலையை விட்டு நிமிர்ந்து, "தண்ணிக்குள்ள ஒரு இரும்புத் தகடு இருக்குன்னு வெச்சுக்கோ" என்று ஆரம்பித்தாள். அதற்குள் உள்ளே குக்கர் விசில் அடித்தது. எழுந்து போனவள் திரும்பி வந்து பாயசத்துக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றாள் சூடாமணி.

இது 1996. அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக் கேட்டு ஊரே அலுத்துப்போய் விட்டுவிட்டது, நாமும் விட்டுவிடலாம். அப்பா இருந்தவரை சித்திரைக்குளத்துக்குப் பின்னால் ஒரு போர்ஷனில் அவரோடு இருந்தாள். அவர் போய் ஐந்து வருஷமாயிற்று. இப்போது அதே போர்ஷனில் தனியாக இருக்கிறாள். காலையில் லஸ்ஸில் 29சி பிடித்தால் அடையாறு. சாயங்காலம் அதே பஸ், எதிர்ப்பக்கம். நடுவில் பஸ் கண்டக்டரையும் பால்காரரையும் தவிர அவளோடு பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம், ஒரு கையே போதும்.

கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு எழுபத்தைந்தில் அந்த ஆபீஸில் சேர்ந்தாள். சேர்ந்தது விஞ்ஞானியாக அல்ல. என்ஜினியர்கள் தாளில் எழுதிக் கொடுக்கும் ப்ரோகிராமை அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்தித் தரும் வேலை. பத்து வருஷம் குத்தினாள். குத்தக் குத்த விரல் வழியாகவே அந்த பாஷை அவளுக்கு ஏறிவிட்டது. "சார், பதினேழாவது வரியில அடைப்புக்குறி மூடலை" என்று அவள் சொல்ல, பெரிய படிப்புப் படித்தவர்கள் முகம் சிவந்து வாங்கிப் போவார்கள். அட்டைக் காலம் முடிந்தபோது கூட இருந்த பெண்களை எல்லாம் டைப்பிங்குக்கு அனுப்பிவிட்டு இவளை மட்டும் டெக்னிகல் அசிஸ்டென்ட் ஆக்கி, எண்பத்தேழில் ஒரே ஒரு ப்ரோகிராமை ஒப்படைத்தார்கள். ஒன்பது வருஷமாக அதுதான் அவள் வேலை. கொஞ்சம் மிகைப்படுத்திச் சொன்னால், வீடு.

பதினாலாயிரம் வரி கொண்ட ப்ரோகிராம் அது. தண்ணீருக்குள் நிற்கும் பொருள் என்ன பாடு படும் என்று கணக்குப் போடும். அதில் இரண்டு பாதி. ஒரு பாதி தண்ணீரைக் கணக்கிடும், இன்னொரு பாதி இரும்பைக் கணக்கிடும். தண்ணீர்ப் பாதி, "இவ்வளவு அழுத்துகிறேன்" என்று இரும்புப் பாதியிடம் சொல்லும். இரும்புப் பாதி அதற்கேற்ப வளைந்து, "நான் இப்போது இங்கே இருக்கிறேன்" என்று தண்ணீரிடம் சொல்லும். அவ்வளவுதான், நேரம் ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு முன்னால் நகரும். மறுபடி தண்ணீர் சொல்லும், இரும்பு கேட்கும். இப்படியே இருபது செகண்ட் ஓடி முடிக்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு முழு ராத்திரி ஆகும்.

எழுதியவர் பெயர் ஸ்ரீரங்கன். ஆறு வருஷம் தனியாளாக உட்கார்ந்து எழுதிவிட்டு, சூடாமணி அந்தப் பிரிவுக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அவரை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் பேசிக்கொண்டிருந்தாள். எப்படி என்று சொல்கிறேன்.

ஃபோர்ட்ரான் என்ற அந்தக் கம்ப்யூட்டர் பாஷையில் ஒரு வரியின் தொடக்கத்தில் சி என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுவிட்டால் அந்த வரியை இயந்திரம் படிக்காது. அது மனிதர்களுக்கான குறிப்பு. மற்றவர்கள் "இது அழுத்தம் கணக்கிடும் இடம்" என்பது போல எழுதுவார்கள். ஸ்ரீரங்கன் அதையும் எழுதினார், நடுநடுவே ஆங்கில எழுத்தில் தமிழும் எழுதிவைத்தார். "இந்த இடம் எனக்கே புரியலை. ஆனா ஓடறது. ஸ்ரீ." என்று ஒரு வரி. "பசிக்கிறது. மீதி நாளைக்கு. ஸ்ரீ." என்று ஒரு வரி. "மழை, பஸ் இல்லை. அதனால் இதை இன்னிக்கே முடிச்சேன். ஸ்ரீ." என்று இன்னொன்று.

முதல் தடவை படித்தபோது சூடாமணி சிரித்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் "பசிக்கிறது"க்குக் கீழே புது வரியில் ஒரு சி போட்டு, "சாப்பிட்டாச்சா? சூ." என்று தட்டினாள். மழைக்குக் கீழே, "இங்கேயும் மழை. சூ." புரியாத இடத்துக்குக் கீழே, "எனக்கும் புரியலை. நாம ரெண்டு பேர். சூ." பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஆனால் அந்த ப்ரோகிராமை அவளைத் தவிர ஒருத்தரும் திறப்பதில்லை. ஒன்பது வருஷத்தில் நானூறுக்கு மேல் பதில் சேர்ந்துவிட்டது. அப்பா போன மறுவாரம் ஆபீஸுக்கு வந்து, எதற்கும் பதிலாக இல்லாமல், "அப்பா போயிட்டார். சூ." என்று ஒரு வரி எழுதியிருக்கிறாள். வேறு யாரிடமும் அதை அவள் அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் வினை வந்தது.

கடலோர மின் நிலையம் ஒன்றில் கடல் தண்ணீரை உள்ளே இழுக்கும் குழாயின் வாயில் இரும்புக் கதவு ஒன்று தொங்கும். தண்ணீர் உள்ளே பாய்ந்தால் திறக்கும், திரும்பினால் மூடிக்கொள்ளும். பழைய கதவு தடிமன். புதிதாக மெல்லிய தகட்டில் செய்யப் போகிறார்கள், அது தாங்குமா என்று இருபது செகண்ட் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சூடாமணி ஓட்டினாள். ஒரு செகண்டைத் தொடுவதற்குள் ப்ரோகிராம் நின்றுவிட்டது. நெகடிவ் வால்யூம் என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. தண்ணீரைச் சின்னச் சின்ன டப்பாக்களாகப் பிரித்துத்தான் கணக்கிடுவார்கள். கதவு கன்னாபின்னாவென்று உதறியதில் பக்கத்து டப்பா, சட்டை உள்வெளியாகத் திரும்புவது போலத் திரும்பி, அதன் கன அளவு பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. அப்படி ஒரு டப்பா உலகத்தில் கிடையாது, அதனால் ப்ரோகிராம் கையை விரித்துவிட்டது.

பிரிவுத் தலைவர் அய்யாதுரை அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர்.

"என்னம்மா சூடாமணி, எத்தனை தடவை விழுந்திருக்கு?"

"ஏழு தடவை சார்."

"டைம் ஸ்டெப்பைக் குறைச்சுப் பாருங்க. சின்னச் சின்ன அடியா வச்சா விழாது."

"குறைச்சேன் சார். பாதியாக்கினேன், காலாக்கினேன்."

"இன்னும் குறைங்க. இருபத்தெட்டாம் தேதி கமிட்டி வருது. அதுக்குள்ள இருபது செகண்ட் ஓடலைன்னா, வெளிநாட்டு சாஃப்ட்வேர் ஒண்ணு வாங்கிரலாம்னு டைரக்டர் சொல்லிட்டாரு. அப்புறம் இந்தப் பழசை மூட்டை கட்டி வச்சிர வேண்டியதுதான். உங்களுக்கு ஒண்ணும் குறைவு வராது. லைப்ரரியில எடம் இருக்கு."

லைப்ரரியில் இடம் இருக்கிறது என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். சம்பளம் போகாது, நாற்காலி போகாது, எல்லாம் சரி. ஆனால் அந்தப் பதினாலாயிரம் வரியை டேப்பில் ஏற்றி அலமாரியில் பூட்டிவிட்டால் காலையில் அடையாறில் இறங்கி அவள் யாரிடம் போவாள்?

இயந்திர அறையைப் பார்த்துக்கொண்டவர் மெஹபூப் பாஷா, ராயப்பேட்டைக்காரர். ஏசி, வோல்டேஜ், டேப் எல்லாம் அவர் பொறுப்பு. ப்ரோகிராமின் எந்த ரன் எப்போது ஆரம்பித்தது, எப்போது நின்றது என்று ஒரு நீளப் பதிவேட்டில் எழுதுவார். தினம் காலையில் அவள் வரும்போது வாசலிலேயே சேதி சொல்லிவிடுவார்.

"பூட்ச்சு மேடம். நா டீ குட்ச்சிட்டு வரதுக்குள்ள படுத்துகினு கீது."

"சரி பாஷா."

"மெசின்ல ஒண்ணியும் கோளாறு இல்ல மேடம். நா பாத்துகினேதான் இருந்தேன்."

"மெஷின் மேல தப்பு இல்லை பாஷா, எனக்குத் தெரியும்."

தப்பு எங்கே என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இரும்பு வளைய வேண்டிய தூரம் எவ்வளவோ, அதில் பத்தில் மூன்று பங்கு மட்டும் நகரவிடும் வரி ஒன்று ப்ரோகிராமில் இருந்தது. 0.3 என்ற எண்ணால் பெருக்கும் வரி. அதற்கு மேலே ஸ்ரீரங்கன் எழுதியிருந்தார்: "0.3ல் கை வைக்காதே. காரணம் கேட்காதே. ஸ்ரீ." அதற்குக் கீழே எண்பத்தேழாம் வருஷத்துப் பதில்: "வைக்கலை. கேட்கலை. சூ." ஒன்பது வருஷம் அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாள். இப்போதும் எல்லாவற்றையும் மாற்றினாள், டப்பாக்களைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள், அடியைக் குறைத்தாள். அந்த வரியைத் தொட மட்டும் மனசு வரவில்லை. அவர் சொல்லியிருக்கிறார், ஏதோ காரணம் இருக்கும். நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷனில் பழைய பி.எஃப். காகிதங்களைப் புரட்டி விலாசம் வாங்கினாள். வடபழனி. ஆடி போய் ஆவணி பிறந்த முதல் ஞாயிறு அது. மாம்பழக் கலரில் அரக்கு பார்டர் போட்ட புடவையைக் கட்டிக்கொண்டாள். வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் அதைக் கட்ட மாட்டாள். இன்றைக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் சொல்லவும் மாட்டாள். கம்ப்யூட்டர் தாள் அச்சடித்த கட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு 12பி ஏறினாள். பாண்டி பஜார் தாண்டும்வரை என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

விலாசம் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம், உள்ளே நாதஸ்வரம், பந்தி நடக்கிற சத்தம். ஆபீஸ் அறையில் சந்தனப் பொட்டும் இடுப்பில் சாவிக்கொத்துமாக ஒரு கனத்த மனிதர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, முழங்கையால் தாளை அழுத்திக்கொண்டு எழுதுகிற ஒருவரை அவள் ஒன்பது வருஷமாக மனசில் வைத்திருந்தாள். இவர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.

"வாங்கோ, உக்காருங்கோ. சாப்பிட்டாச்சா? முகூர்த்தம் என்னிக்கு? பொண்ணுக்கா, பிள்ளைக்கா?"

"கல்யாணத்துக்கு இல்லை சார். நான் அடையாறு ஆபீஸ்லேர்ந்து வரேன். ஸ்ரீரங்கன் சார்..."

"நான்தான். மாமனார் மண்டபம், நான் பாத்துக்கறேன். சொல்லுங்கோ."

"உங்க ப்ரோகிராமை நான்தான் பாத்துக்கறேன் சார்."

"எந்த ப்ரோகிராம்?" என்றார். அவள் கட்டை எடுத்து மேஜையில் வைத்த பிறகு, "அடேடே, இதை இன்னும் வெச்சிண்டிருக்காளா? எப்பவோ தூக்கிப் போட்டிருப்பான்னு நினைச்சேன்" என்று மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

சூடாமணி கதவு விஷயத்தைச் சொன்னாள். கதவு உதறுவதை, டப்பா திரும்பிக்கொள்வதை, அடியைக் குறைத்தும் பயனில்லாததை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் சமையல்காரர் வந்து வாழையிலை போதாது என்றதும் அவரை அனுப்பிவிட்டு, "ம், சொல்லுங்கோ" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்தது. கடைசியில் அவள் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இந்த 0.3 எதுக்கு சார்? அது தெரிஞ்சா எனக்கு வழி கிடைச்சுடும்."

அவர் பார்த்தார். ஏதோ ஞாபகம் வந்து சிரித்தார்.

"மறுநாள் டெமோம்மா. 0.5 போட்டேன், விழுந்துது. 0.4 போட்டேன், விழுந்துது. 0.3 போட்டேன், நின்னுது. விட்டுட்டேன். வேற ஒண்ணும் இல்லை."

"காரணம் கேட்காதேன்னு எழுதியிருக்கேளே சார்."

"காரணம் இருந்தாத்தானே சொல்றதுக்கு" என்றார்.

சொல்லிவிட்டுப் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார். பத்து வருஷத்துக்கு முந்தைய தன் கிறுக்கல்களைப் பார்க்க அவருக்கு வேடிக்கையாக இருந்தது. திடீரென்று நின்றார்.

"இதென்ன, நான் எழுதினதுக்குக் கீழயெல்லாம் யாரோ பதில் எழுதியிருக்கா? 'சாப்பிட்டாச்சா? சூ.' 'இங்கேயும் மழை. சூ.' ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்கே. யாரும்மா இந்த சூ?"

சூடாமணியின் காது மடல் சுட்டது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"தெரியலை சார். எனக்கு முன்னாடி இருந்தவா யாரோ."

"பாவம்" என்றார் ஸ்ரீரங்கன். கேலி இல்லை, நிஜமாகவே இரக்கப்பட்டுத்தான் சொன்னார். "பேச்சுத் துணைக்கு ஆளில்லாத ஜென்மம் போல இருக்கு."

பந்தியில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று வற்புறுத்தினார். சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது, வரவில்லை. வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது. எதிரில் ஆளே இல்லாமல்தான் ஒன்பது வருஷம் பேசியிருக்கிறாள். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை, அந்த மனிதர் ஒன்றும் அவளைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவள் ஆபீஸுக்குப் போகவில்லை. சர்வீஸில் சொல்லாமல் எடுத்த முதல் லீவு அது.

செவ்வாய்க்கிழமை போனாள். போனதும் முதல் காரியமாக 0.3 வரியை எடுத்துவிட்டாள். எழுதியவர் மேல் இருந்த மரியாதை போன பிறகு தயக்கம் இல்லை. ஓட்டினாள். இரண்டாவது அடியிலேயே ப்ரோகிராம் விழுந்தது. அவளுக்கு அது சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அப்படியானால் அந்த வரி நோயைத் தீர்க்கவில்லை, வலி தெரியாமல் வைத்திருந்தது என்றுதானே அர்த்தம்.

பாஷாவிடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். இந்த மாதம் விழுந்த ரன்கள் பதினொன்று. ஒவ்வொன்றும் எத்தனை நிமிஷம் உயிரோடு இருந்தது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். பக்கத்தில் அடியின் அளவு. எழுதி முடித்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியைப் பாதியாக்கினால் அதே இடத்தில் போய் விழ இரண்டு மடங்கு நேரம் ஆகவேண்டும். இங்கே தலைகீழ். அடி சின்னதாக ஆக, சீக்கிரம் விழுந்திருக்கிறது. இந்த மாதம் பூரா ஆபீஸே சேர்ந்து அடியைக் குறை, அடியைக் குறை என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒருத்தராவது இந்தப் பதிவேட்டைப் புரட்டியிருக்கலாம். அவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் பென்சில் எடுத்தாள். இரண்டு நாள் கையால் கணக்குப் போட்டாள். கதவு அசைந்தால் கூடவே அதை ஒட்டின தண்ணீரும் அசையவேண்டும். அந்தத் தண்ணீரின் எடை என்ன, கதவின் எடை என்ன? பழைய தடிமன் கதவில் தண்ணீர் மூன்று மடங்கு கனம். புது மெல்லிய கதவில் ஒன்பது மடங்கு. தண்ணீர் ஒரு தடவை சொல்லி, கதவு ஒரு தடவை கேட்டு, உடனே நேரத்தை நகர்த்திவிட்டால், அதில் இருக்கிற சின்னத் தப்பு அடுத்த பேச்சில் ஒன்பது மடங்காகிறது, அதற்கடுத்ததில் எண்பத்தொரு மடங்கு. அடியை எவ்வளவு குறைத்தாலும் பேச்சின் எண்ணிக்கைதான் கூடும். ஒரு தடவை பேசுவது போதாது. நேரம் அப்படியே நிற்கட்டும். தண்ணீர் சொல்லட்டும், கதவு கொஞ்சமாக நகரட்டும், தண்ணீர் மறுபடி சொல்லட்டும், கதவு திருத்திக்கொள்ளட்டும். இருவர் சொல்வதும் ஒத்துப்போகிற வரைக்கும் பேசட்டும், அப்புறம் நகரலாம். எவ்வளவு கொஞ்சமாக நகருவது என்பதையும் 0.3 என்று யாரும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டாம், கடைசி இரண்டு பேச்சில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து அங்கேயே முடிவு செய்துகொள்ளட்டும்.

எழுதினால் நாற்பத்தாறு வரி வந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் என்று தவித்தது மனசு. பழக்கதோஷத்தில் புது வரியில் ஒரு சி போட்டுவிட்டாள். "கிடைச்சுடுத்து" என்று தட்டிவிட்டு, யாருக்கு என்று தோன்றியதும் அழித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ஓடவிட்டாள். இப்போது ஒவ்வொரு அடியிலும் ஏழெட்டுத் தடவை பேச்சு நடப்பதால் அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் கரண்ட் போனபோதெல்லாம் அடையாறில் போயிருக்குமோ என்று உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை வாசலில் பாஷா ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

"இன்னா பாஷா?"

அவர் பாஷை தன் வாயில் வந்துவிட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அவர் சிரித்தார்.

"இருவது செகண்டு மேடம். காலைல ஆறரைக்கு முட்ச்சிட்சு. விழவே இல்ல."

இருபத்தெட்டாம் தேதி கமிட்டி வந்தது. அய்யாதுரைதான் பேசினார், வழக்கம் அதுதான். கதவு அழகாகத் திறந்து மூடும் படங்களைக் காட்டினார். யாரோ ஒருத்தர், "விழுந்துகொண்டிருந்ததாகச் சொன்னார்களே, எப்படிச் சரியாயிற்று?" என்று கேட்டார். "ப்ரோகிராமில் ஒரு சின்னத் திருத்தம்" என்றார் அய்யாதுரை. பின்வரிசையில் சூடாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த கேள்வி, காப்பி எப்போது வரும் என்று வந்தது. எப்படியோ, வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம், நம்முடையதே போதும், கேட்டிருந்த மூன்று கல்லூரிகளுக்கும் மூலப் பிரதியோடு கொடுத்துவிடலாம் என்று தீர்மானமாயிற்று. அவள் ஜெயித்துவிட்டாள்.

மறுநாள் அய்யாதுரை தாள் கட்டும் கையுமாக வந்தார். முதல் தடவையாக அந்த ப்ரோகிராமைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"நல்ல வேலைம்மா. கமிட்டிக்கு ரொம்பத் திருப்தி. ஆனா உள்ள என்னமோ மழைங்கு, சாப்பாடுங்கு, தமிழ்ல எழுதிக் கிடக்கே. யாரு வேலை?"

"பழைய ஆட்கள் சார்."

"வெளிய போற சரக்கு. இதையெல்லாம் எடுத்துட்டுக் குடுங்க."

"சரி சார்" என்றாள்.

வாதாடியிருக்கலாம். என்ன சொல்லி வாதாடுவது? ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதற்குத்தான் காலி டேப் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். யார் படிப்பதற்கு என்று ஒரு கேள்வி வந்தது, திரும்ப வைத்துவிட்டாள். ஸ்ரீ என்று முடியும் வரிகளையும் சூ என்று முடியும் வரிகளையும் எடுத்துவிடும்படி ஒரு சின்னக் கட்டளை எழுதினாள். அது நாலு வரிதான். தட்டினதும் இயந்திரம் இரண்டு செகண்டில் வேலையை முடித்து, எழுநூற்று ஐம்பத்தெட்டு வரிகள் நீக்கப்பட்டன என்று காட்டியது. அப்பாவைப் பற்றிய வரியும் அதில் போயிற்று.

ப்ரோகிராமில் எதைத் தொட்டாலும் மறுபடி முழுசாக ஓட்டிப் பழைய விடையோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்பது அந்தப் பிரிவின் சட்டம். வெள்ளிக்கிழமை ஓடவிட்டாள். திங்கட்கிழமை இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னாள். நாற்பது லட்சம் எண்கள். பாஷா ஏசியைத் துடைத்துக்கொண்டே அவளுடைய திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், எதுனா மாறிப் பூட்ச்சா?"

"ஒண்ணும் மாறலை பாஷா. கடைசி இலக்கம் வரைக்கும் அப்படியே இருக்கு."

"அப்ப நல்லதுதானே மேடம்?"

"நல்லதுதான்" என்றாள் சூடாமணி. பதிவேட்டை இழுத்து, வித்தியாசம் என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.